செவலையின் வயிற்று வீக்கம்

செவலை நன்றாகத் தின்றது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொள்ளும் பார்லியும் வேகவைத்துத் தவிடு கலந்து வைப்பேன். தொட்டியை நக்கித் துடைத்துவிட்டு என் தோளை மோந்து பார்க்கும். ஐந்து குதிரைக்கும் தீனி வேகவைப்பது நான். வயல் வரப்பில் புல் அறுத்து வருவதும் நான். குதிரையைப் பார்ப்பது என் வீட்டுக்காரர். லாயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. கழக்கூட்டம் என்கிற அந்த மலையாளத்து ஊர் அப்போது தென்னையும் வயலும்தான். ராத்திரி தவளைச் சத்தம் காதை அடைக்கும்.

லாயம் ஒரு கர்னலுக்குச் சொந்தம். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மலையாளிதான், ஆனால் தமிழ்ச் சிப்பாய்களோடு வெகுகாலம் இருந்ததால் எங்களோடு தமிழில் பேசுவார். செவலை அவருடைய போட்டிக் குதிரை. வரிசையாகக் கட்டைகளைத் தூக்கி வைத்திருப்பார்கள். கட்டை விழாமல் தாண்ட வேண்டும். பெங்களூரிலும் மெட்ராஸிலும் அது ஜெயித்திருக்கிறது. கர்னல்தான் ஏறி ஓட்டுவார். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. எல்லாம் செவலைதான்.

அந்த ஆவணியில் செவலையை மலைப்பக்கம் கல்லாற்றுக்குக் கொண்டு போனார். மேட்டில் ஏற்றி இறக்கினால் பின்னங்கால் பலப்படும் என்றார். என் வீட்டுக்காரரும் கூடப் போனார். ஆற்றோரம் கொட்டகை போட்டுக் கட்டினார்களாம். பக்கத்தில் எருமைகள் கிடந்தனவாம். திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். தடிப்புத் தடிப்பாக இருந்தது.

"மாட்டு ஈ ட்டி. சட்டைக்கு மேல கூடி கடிக்கி. செவலைக்கு ரத்தமே வடிஞ்சுது."

"அதுக்கு என்ன போட்டிய?"

"வேப்பெண்ண."

"ஒங்களுக்கு?"

"எனக்கு யாரு போடுவா? நீ இங்கல்லா கெடக்க."

போட்டுவிட்டேன். தடிப்பு வற்றியது. நாங்கள் மறந்துவிட்டோம்.

புரட்டாசி பிறந்ததும் கட்டை விழ ஆரம்பித்தது. முன்னங்கால் நன்றாகத் தாண்டும். பின்னங்கால் தட்டும். கர்னல் இறங்கிக் காலைத் தடவிப் பார்ப்பார். லாடத்தைத் தட்டிப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது.

"மடி," என்பார். சோம்பல் என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வது. "மலையில ராஜா மாதிரி தின்னு தூங்கிச்சு. மடி புடிச்சிருக்கு. நான் எடுக்கிறேன் பாரு."

சவுக்கால் இரண்டு போடுவார். அது தாண்டும். அடுத்ததில் தட்டும்.

இடையில் நல்ல நாட்களும் வரும். அந்த நாட்களில் பழைய செவலையேதான். ஒரு கட்டையும் விழாது. "பாத்தியா, மடிதான்," என்பார் கர்னல். நல்ல நாள் வராமல் இருந்திருந்தால் முன்னமே யோசித்திருப்பார்கள்.

எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை. பின்பக்கத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. கர்னல் டாக்டருக்கு ஆள் அனுப்பினார். டவுனில் இருந்து ஸ்கூட்டரில் வருவார், சின்ன வயது மாட்டு டாக்டர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். வருவதற்கு முன்னால் இன்ன நேரம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

எங்கள் லாயத்தில் ஒரு வழக்கம். வெளியாள் கண்ணில் படும்முன் குதிரை தயாராக நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் மெட்ராஸில் ரேஸ் லாயத்தில் வேலை பழகியவர். அங்கே அப்படித்தானாம். வெளிச்சம் வருவதற்கு முன்னால் எழுந்துவிடுவார். வைக்கோலைப் பிரியாக முறுக்கி உடம்பு முழுக்கத் தேய்ப்பார். பிறகு உள்ளங்கையால் காலை அழுத்தி அழுத்தி மேலே தேய்த்துவிடுவார். ராத்திரி முழுக்க நின்ற குதிரைக்குக் கால் கொஞ்சம் வீங்கும். எல்லாக் குதிரைக்கும் உண்டு. தேய்த்து, நாலு சுற்று நடத்தினால் போய்விடும். நின்ற வீக்கம் என்பார்கள். சூரியன் வரும்போது ஐந்து குதிரையும் கண்ணாடி மாதிரி நிற்கும். அதில் அவருக்குப் பெருமை.

டாக்டர் வருகிறார் என்றால் இன்னும் ஒரு படி மேலே. கிணற்றில் நான் தண்ணீர் இறைப்பேன். அவர் குளிப்பாட்டுவார். வாலைச் சீவி, குளம்புக்கு எண்ணெய் தடவி நிறுத்துவார்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்பிடி குளிச்சு வரல்லியே," என்பேன்.

"என்னைய பாக்க டாக்டரா வந்தாரு? ஒங்க அப்பன்தான வந்தான்."

இதில் தப்பாக எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் முகம் கழுவிப் பவுடர் போட்டுத்தான் கொண்டுபோவோம்.

டாக்டர் வந்தார். பல்லைப் பார்த்தார், ராவிவிட்டார். சாணத்தைப் பார்த்தார், பூச்சி மருந்து கொடுத்தார். காய்ச்சல் குழாய் வைத்துப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் ஊற்றின உடம்பு. குளிர்ந்து கிடந்தது.

"பனி ஒண்ணும் இல்ல," என்றார். காய்ச்சலைத்தான் சொன்னார்.

அடுத்த தடவை வந்தபோதும் அதேதான். குளித்து, தேய்த்து, பளபளவென்று நின்றது. டாக்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஈரலுக்கு ஒரு டானிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் புல் போடப் போகும்போது சில நாள் செவலையின் காது சுடும். தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"வெயில்ல நின்னுதுல்லா. சுடாம என்ன செய்யும்?"

மறுநாள் விடியலில் தொட்டால் காது சாதாரணமாக இருக்கும். நானும் விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் மழை விட்ட நேரத்தில் கர்னல் ஏறினார். தாண்டக்கூட இல்லை, சும்மா வளைத்துத் திருப்பினார். செவலையின் பின்பக்கம் அப்படியே தாழ்ந்தது. காலைப் பிடித்து யாரோ கீழே இழுத்த மாதிரி. உட்கார்ந்துவிட்டது. கர்னல் சேற்றில் விழுந்தார். எழுந்து சவுக்கை எடுத்தவர், அதன் கண்ணைப் பார்த்துவிட்டு அடிக்காமல் நின்றார். செவலை எழுந்திருக்க மூன்று தடவை முயற்சி செய்தது. எழுந்த பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி புல்லைக் கடித்தது.

அந்த வாரம்தான் பக்கத்துத் தோப்புக்காரர் பசுவுக்குக் கன்று வயிற்றுக்குள் மாறிக் கிடந்தது. டாக்டரை இருட்டோடு அழைத்து வந்தார்கள். கன்றை எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவ எங்கள் கிணற்றுக்கு வந்தார். தோள்வரை ரத்தமும் சளியும். நான் தண்ணீர் ஊற்றினேன். அப்போதுதான் பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் லாந்தரைத் தொங்கவிட்டு வைக்கோலை முறுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு குதிரையிலும் கை வைக்கவில்லை.

டாக்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே லாயத்துக்குள் வந்தார். செவலையிடம் வந்ததும் நின்றார். லாந்தரை எடுத்துத் தாழ்த்திப் பிடித்தார்.

முன்னங்கால் நடுவில் இருந்து வயிற்றோடு பின்னால்வரை, அடியில் ஒரு பலகையை வைத்துக் கட்டின மாதிரி வீங்கி இருந்தது. நாலு காலும் தூண் மாதிரி இருந்தது. டாக்டர் வயிற்றில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் அழுத்தினால் எப்படிக் குழி நிற்குமோ, அப்படி நின்றது.

"இது எப்ப தொட்டு?"

"தெனமும் உள்ளதுதான் சார்," என்றார் என் வீட்டுக்காரர். "நின்ன வீக்கம். தேச்சா போயிரும்."

"காலில நின்ன வீக்கம் வரும். வயத்தில எங்ஙனே வரும்?"

இவர் கையில் இருந்த வைக்கோல் பிரியைக் காட்டினார்.

"தேய்க்கு. ஞான் பாக்கட்டே."

தேய்த்தார். வைக்கோலாலும் பிறகு உள்ளங்கையாலும், தினமும் தேய்ப்பது போலவே. அவர் கை நல்ல கை. வெயில் ஏறுவதற்குள் கால் மெலிந்துவிட்டது. முற்றத்தில் நடத்திக்கொண்டு வந்தார். வயிற்றில் இருந்ததும் பெரும்பாலும் வற்றிவிட்டது. டாக்டர் திண்டில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். பீடி பற்றவைத்தவர் அதை இழுக்க மறந்துவிட்டார்.

"நான் வரும்போ எல்லாம் இதைத்தான் செஞ்சு வச்சதா?"

"குளிப்பாட்டவும் செய்வோம் சார்," என்றார் இவர். இன்னும் விளங்கவில்லை அவருக்கு.

டாக்டர் கத்தவில்லை. எழுந்துபோய்ச் செவலையின் கண்ணிமையைப் புரட்டினார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே வெளுத்துப் போயிருந்தது. குண்டூசியால் குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். காதோரம் குத்தி, கண்ணாடிச் சில்லில் ரத்தம் எடுத்தார். மற்ற நாலு குதிரைக்கும் எடுத்தார்.

"சாயங்காலம் ஞான் வரும். அதுவரை ஆரும் தொடண்டா. தண்ணி ஊத்தண்டா."

சாயங்காலம் வந்து காய்ச்சல் குழாய் வைத்தார். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும், எண் நன்றாகத் தெரியும். நூற்று நாலைத் தாண்டி நின்றது. கர்னலும் வந்திருந்தார்.

"சர்ரா," என்றார் டாக்டர். ரத்தத்தில் புழு மாதிரி நெளிகிற கிருமி என்று எங்களுக்கு விளக்கினார். மாட்டு ஈ கொண்டுவருவது. எருமைக்குள் சும்மா கிடக்கும், எருமையை ஒன்றும் செய்யாது. குதிரைக்குள் வந்தால் குதிரையைத் தின்றுவிடும். நாலு நாள் காயும், நாலு நாள் விடும். கடைசியில் முதுகெலும்பு வழியாக ஏறும். பின்னங்கால் போகும்.

"மற்ற நாலிலும் காணல்ல. பக்ஷே ஒரு தடவை காணல்லன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல."

கர்னல் சொன்னார்: "பட்டாளத்துல ஒரு லைன் குதிரை முழுக்க இதுல போச்சு. என் கண்ணு முன்னால. ஒண்ணை வச்சுக்கிட்டு இருந்தோம், பிரியப்பட்டு. ஈ அடுத்ததுக்குக் கொண்டு போச்சு. அங்க ரூல் ஒண்ணுதான். சுட்டுடணும்."

"மருந்து உண்டு சார். மெட்ராஸில் கிட்டும்."

"மருந்து போட்டும் திரும்ப வரும். பாத்திருக்கேன்."

"திரும்ப வரலாம்," என்றார் டாக்டர். "வராமலும் இருக்கலாம்."

கர்னல் செவலையின் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு தடவை மருந்து போடு. திரும்ப வந்தா நானே சுடுறேன். வேற ஆள் கைல விடமாட்டேன்," என்றார். போய்விட்டார்.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார்கள். மருந்து ரயிலில் வரவேண்டும். என் வீட்டுக்காரர் தம்பானூர் ஸ்டேஷனுக்குத் தினமும் போய்ப் பார்சல் ஆபீஸ் வாசலில் நின்றார். செவலையைத் தனிக்கொட்டகைக்கு மாற்றினோம். கொசுவலைத் துணியைச் சுற்றிலும் கட்டினேன். ஈரச் சாணியும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டினேன். மழைக்காலப் புகை தரையோடு தவழ்ந்தது. மற்ற நாலும் புகைக்கு அந்தப் பக்கம் நின்று செவலையைப் பார்த்துக் கனைத்தன. அது பதிலுக்குக் கனைக்கவில்லை.

மருந்து வந்தது. கழுத்தில் தோலுக்கு அடியில் போட்டார் டாக்டர். போட்டுக் கொஞ்ச நேரத்தில் செவலைக்கு வேர்த்துக் கொட்டியது. வாயில் நுரை. நாலு காலும் ஆடியது. அடிக்கடி மூத்திரம் பெய்தது. பிறகு படுத்துவிட்டது. "மருந்தா நோயா, எது கொல்லுகுன்னு தெரியல்லியே," என்றார் என் வீட்டுக்காரர். டாக்டர் பக்கத்திலேயே குத்தவைத்து இருந்தார். அவர் முகமும் சரியில்லை. வெயில் சாயும்போது செவலை எழுந்தது. என் கையில் இருந்த புல்லில் ஒரு வாய் இழுத்தது.

போகும்போது டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "ஒரு காரியம். தேய்க்கான் பாடில்ல, தேய்க்கக் கூடாது. ஒரு குதிரையும். வீக்கம் வந்தா அது அங்ஙனே நிக்கட்டும். ஞான் காணணும்."

இது அவருக்கு மருந்தைவிடக் கசந்தது. விடியலுக்கு முன் எழுந்து பழகிய ஆள். எழுந்து உட்கார்ந்திருப்பார். கை சும்மா இருக்காது. சேணத்தைத் தேய்ப்பார், வாளியைத் தேய்ப்பார்.

"என் காலையாவது தேச்சு விடுங்க," என்றேன் ஒருநாள்.

"ஒனக்கு நாலு காலா இருக்கு? ரெண்டு கால தேச்சா எனக்கு எங்க காணும்?"

குதிரைகள் புழுதியோடும் சாணிக் கறையோடும் நின்றன. வழியில் போகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, லாயத்த வித்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

காய்ச்சல் விட்டது. நான்தான் சாயங்காலம் குழாய் வைத்துப் பார்த்து எண்ணைச் சொல்வேன். வயிறு வற்றியது, யாரும் தேய்க்காமலே. கால்கள் மெலிந்தன. இமைக்குள் சிவப்பு திரும்பியது. கார்த்திகை முழுவதும் நன்றாக இருந்தது. மாதக் கடைசியில் கர்னலும் டாக்டரும் சேர்ந்து வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

அன்று விடியலில் வெளிச்சம் தட்டும்போது நான் தீனிச் சட்டியோடு கொட்டகைக்குப் போனேன். இவர் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். செவலைக்கு அடியில் குனிந்திருந்தார். சட்டியை வைத்துவிட்டு நானும் குனிந்தேன்.

முன்னங்கால்களுக்குப் பின்னால், வயிற்றில், உள்ளங்கை அகலத்துக்கு வீங்கியிருந்தது.

அவர் கை அதன்மேல் இருந்தது. இன்னும் அழுத்தவில்லை.

"கைய எடுங்க."

"கொஞ்சந்தான் ட்டி. ரெண்டு தேய்ப்புல போயிரும்."

"உள்ள கெடக்கது போயிருமா?"

"சார் துப்பாக்கி கொண்டு வருவாரு. சொன்னாருல்லா. ஒனக்கு தெரியும்லா அவர."

"கொண்டு வரட்டும்."

"இன்னைக்கி ஒருநாள் தாண்டிட்டா..."

"தாண்டிட்டா நாளைக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு வாய் கோணியது. கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே போய்ச் சேற்றில் குத்தவைத்தார். செவலை திரும்பி அவரைப் பார்த்தது. தேய்ப்பார் என்று காத்து நின்றது.

கர்னல் முதலில் வந்தார். ஜீப்பில் துப்பாக்கி இருந்தது. கொட்டகைக்குள் போனார், குனிந்தார், நிமிர்ந்தார். ஜீப்புக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தார். முக்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். தோட்டா போட்ட சத்தம் கேட்டது.

டாக்டர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அழுத்திப் பார்த்தார். குழி நின்றது.

"எப்ப கண்டது?"

"விடியறப்ப," என்றார் என் வீட்டுக்காரர்.

"தொட்டோ?"

"கை வச்சேன் சார். தேய்க்கல்ல."

டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். "ஞான் வர்றதுவரை ஒண்ணும் செய்யண்டா சார்," என்று கர்னலிடம் கெஞ்சிவிட்டுப் போனார்.

மழை தூறியது. நான் கஞ்சித்தண்ணி கொடுத்தேன். கர்னல் வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. பிறகு கேட்டார்.

"உன் வீட்டுக்காரன் இதைத் தேச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"ஏன் தேய்க்கல?"

"தேச்சா செத்துரும் சார்."

"தேய்க்காட்டி நான் சுடுவேனே."

அவர் மடியில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தேன். அதன் கட்டையில் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்.

டாக்டர் திரும்பி வந்தபோது நனைந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "உண்டு. திரும்ப வந்துட்டுண்டு. ரொம்ப நேரம் தேடித்தான் ஒண்ணு கண்டேன். இப்பதான் தொடங்குது. பனிகூட வரல்ல. முதுகெலும்புக்குப் போறதுக்கு முன்ன இன்னொரு மருந்து போட்டா பிடிச்சு நிறுத்தலாம். முன்னே கண்டது மாதிரி லேட்டா கண்டிருந்தா ஞானே சுடச் சொல்லியிருப்பேன்."

கர்னல் எழுந்தார். செவலைக்கு நேரே போய் நின்றார். அது அவர் சட்டைப் பையை மூக்கால் துழாவியது. வெல்லம் இருக்கும் பை. அன்று இல்லை. அவர் அந்த நெற்றியில் கையை வைத்தார். வைத்த இடம், சுடுவதற்கு அடையாளம் பார்க்கிற இடம். எனக்கு அது தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் சேற்றில் இருந்து எழுந்துவிட்டார்.

"போடு," என்றார் கர்னல்.

டாக்டர் பையைத் திறந்தார். இவர் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். மறுபடியும் வேர்வை, நுரை, நடுக்கம். இந்தத் தடவை படுக்கவில்லை. கர்னல் கடைசிவரை பக்கத்தில் நின்றார். நடுக்கம் அடங்கிய பிறகு துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. சேணம் வைக்கிற அறையில் ஆணி அடிக்கச் சொல்லி அதில் மாட்டினார்.

"இங்கயே இருக்கட்டும். அடுத்த தடவையும் எனக்குக் காட்டணும். இன்னைக்குக் காட்டின மாதிரி," என்றார்.

"காட்டுவோம் சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

செவலை அந்த வருஷம் மெட்ராஸ் போட்டிக்குப் போகவில்லை. பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை. கர்னல் அதன்மேல் ஏறவும் இல்லை, பிடித்துக்கொண்டு தோப்பில் நடப்பார். விடியலில் வயிற்றைப் பார்த்த பிறகு தேய்க்கலாம் என்று டாக்டர் விட்டுக்கொடுத்தார். நாங்கள் அங்கே இருந்தவரை ஒவ்வொரு விடியலிலும் நான் லாந்தரைத் தாழ்த்திப் பிடிப்பேன். இவர் குனிந்து வயிற்றைப் பார்ப்பார். பார்க்கிற அந்த நேரம் நான் மூச்சு விடமாட்டேன். "இல்ல," என்று சொன்ன பிறகுதான் தேய்க்க வைக்கோலை எடுப்பார்.